பனிக்குப் பின் வரும் மழை

தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்கு ஊர்களில் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. எழுப்பி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். குளிர்காலப் புயல் வந்தால் பள்ளிக்கூடம் மூடும், ரயில் நிற்கும். படுக்கையில் இருப்பவருக்கு ஈரத்துணியை யாராவது மாற்றித்தானே ஆக வேண்டும்?

இங்கே பனியைவிட அதற்குப் பின் வரும் மழைதான் மோசம். 2024 நவம்பரில் பெர்ட் புயல் அப்படித்தான் வந்தது. சனிக்கிழமை காலையில் மேட்டு நிலங்களில் பனி. அப்புறம் அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று புகுந்தது. பனி உருக உருக அதன்மேலேயே விடாத மழை. மலைப்பகுதிகளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. செங்குத்தான சரிவுகளில் தண்ணீர் தேங்காது, நேரே டாஃப் ஆற்றுக்குத்தான் போகும். மறுநாள் பொன்டிபிரித்தில் கடைகளும் வீடுகளும் வெள்ளத்தில் நின்றன. 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயல் மூழ்கடித்த அதே ஊர். மழைக்கு இருந்தது மஞ்சள் எச்சரிக்கைதான், மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்ற மூன்றில் கடைசிப் படி. அதனால் எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பதை நாங்கள் விட்டுவிட்டோம்.

எங்கள் வேலையில் பாதி புயலுக்கு முந்தின நாளே முடிந்தாக வேண்டும். யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின், யாரை ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று பட்டியலைப் பிரிக்கிறோம். மகளோ மருமகனோ பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்கு வீடு யோசிக்க வேண்டும். ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். மாற்று சிலிண்டர் இருக்கிறதா? படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை இறங்கிவிடும். தொலைபேசி இணைப்புகள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, கரண்ட் போனால் வீட்டு போனும் போய்விடுகிறது. கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தானுக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களை இலவசமாகச் சேர்க்கலாம். கரண்ட் போனால் 105-ஐ அழைக்கலாம். இதைத் தெரியாத குடும்பங்கள் இன்னும் நிறைய இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பெர்ட் போன இரண்டே வாரத்தில் டாராக் புயல் வந்தது. அப்போது வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலுமாகச் சுமார் 30 லட்சம் பேரின் செல்போன்களில் அபாய எச்சரிக்கை அலறியது. எங்கள் முதியவர்களில் பலரிடம் செல்போனே கிடையாது.

மழை இரவுகளில் இவர்களுக்கு வருவது வெள்ள பயம் மட்டுமல்ல. வேல்ஸில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவு மேடுகள் 2,500-க்கு மேல் இருக்கின்றன. தண்ணீர் ஊறினால் அவை சரியும். டெனிஸ் புயலில் டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு சரிந்தது. பெர்ட்டின்போது கும்டிலரியில் சேறு வீடுகள்வரை இறங்கி வந்து, மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1966 அக்டோபர் 21 அன்று அபர்வானில் அப்படி ஒரு மேடு பள்ளிக்கூடத்தின் மீது சரிந்து 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு அண்ணன் அக்கா வயதில் இருந்தவர்களைத்தான் இன்று நாங்கள் பராமரிக்கிறோம். ஜன்னலைத் திறந்து வை, மலைச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரு அம்மா சொல்வார். குளிருமே என்று நான் மறுத்ததில்லை. இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் கூட உட்காருவேன். பராமரிப்புத் திட்டத் தாளில் இதற்கென்று கட்டம் கிடையாது. என்னைக் கேட்டால், அன்றைய வேலையில் மாத்திரைக்கு அடுத்தபடி முக்கியமானது அதுதான்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. பாலம் மூடினால் பத்து நிமிடப் பாதை மலையைச் சுற்றி ஒரு மணி நேரமாகிவிடும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் வழக்கமான பயண நேரம் மட்டுமே சம்பளக் கணக்கில் சேர்ந்தது. சுற்றிப் போன நேரம் சேரவில்லை. வெள்ளத்தில் சக்கரம் பாதி முங்க ஓட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரப் பெண்கள். தீயணைப்புப் படையும் ஆம்புலன்ஸும் இடம்பெறும் புயல் திட்டங்களில் எங்களையும் சேர்க்க வேண்டும். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற தகவல் விடிவதற்குள் எங்களுக்கும் வர வேண்டும். குளிர்காலம் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்தில் இதை நான் தவறாமல் கேட்கிறேன். இந்த முறையும் கேட்பேன்.