அல்பேர்ட்டன் கால்வாய் இரவுகள்

மே 25, 2024 – சனி

விடியப்புறம் ஒரு மணி பத்துக்கு நானும் என் கணவரும் எழும்பிவிட்டோம். முதலில் பாட்டுக் கேட்கவில்லை, கட்டில் பலகை அதிர்ந்தது. லண்டன் அல்பேர்ட்டன் கால்வாயில் நாங்கள் குடியிருக்கிற படகின் அடித்தகடு 10 மில்லிமீற்றர் இரும்பு, பக்கங்கள் 6, கபின் சுவர் 4. ஸ்பீக்கரில் அடிக்கிற 'டும் டும்' தண்ணீரிலும் இரும்பிலும் ஏறி முதலில் உடம்புக்கு வரும், பிறகுதான் காதுக்கு. நாங்கள் படுக்கிற உயரமும் ஏறத்தாழத் தண்ணீர் மட்டம்தான். கடந்துபோகிற எந்தப் படகும் எங்கள் தலைமாட்டை உரசிக்கொண்டுதான் போகிறது.

வந்தது அகலமான ஒரு படகு. கூரை முழுக்கக் கலர் லைற். முன்பக்கத்தில் சுரங்கத்துக்குள் போகும்போது போடுகிற பெரிய விளக்கு. அந்த வெளிச்சம் யன்னலால் விழுந்து குசினியைப் பகலாக்கிவிட்டது. பதினைந்து, இருபது பேர் இருக்கும். பாட்டோடு சேர்ந்து கத்திக்கொண்டு போனார்கள்.

சத்தத்தையாவது பொறுக்கலாம், வேகத்தைப் பொறுக்க முடியாது. இந்தக் கால்வாய் நடுவில் நெஞ்சளவு ஆழம்தான், கரையோரம் அதுவும் இல்லை. பெரிய படகு வேகமாக வந்தால், அது தள்ளிய தண்ணீரின் இடத்தை நிரப்பப் பக்கத்துத் தண்ணீரை இழுக்கும். கரையில் கட்டிக்கிடக்கிற படகு அதோடு சேர்ந்து நடுவுக்கு இழுபடும், பிறகு திரும்பி வந்து கரையில் இடிக்கும். கயிறு அந்த இழுவையைத் தாங்கினாலும் புல்தரையில் அடித்த இரும்பு முளை தாங்காது. எங்கள் முன்முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தட்டில் இருந்த கோப்பைகள் நிலத்தில். படகின் மூக்கு மெல்ல மெல்லக் கால்வாயின் நடுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

இவர் சாரத்தோடு ரோச்சைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் பாய்ந்து, கயிற்றை இழுத்து, முளையைத் திரும்ப அடித்து முடிக்க இரண்டு மணி. இவருக்கு நாலரைக்கு வேலை. லண்டன் பஸ் ஓட்டுகிறார். கராஜ் நடந்து போகிற தூரம் என்பதால்தான் அல்பேர்ட்டனில் இடம் கிடைக்கிற நேரமெல்லாம் இங்கே கட்டுகிறோம். நித்திரை இல்லாத சாரதியின் பஸ்ஸில் காலமை ஏறப்போகிற சனங்களை நினைத்துக்கொண்டு விடியும்வரை முழித்திருந்தேன்.

மே 26 – ஞாயிறு

நாளை பாங்க் ஹொலிடே. வெயிலும் அடிக்கிறது. ஒன்பதே கால் மணிவரை வெளிச்சம் நிற்கிற மாதத்தில் எல்லாருக்கும் படகில் ஏறத்தான் ஆசை வரும், அதைப் பிழை சொல்ல மாட்டேன். நாங்களும் ஒரு காலத்தில் அப்படி ஒருநாள் ஏறிப் பார்த்த ஆசையில்தான் வீட்டு வாடகையை விட்டுவிட்டு இதை வாங்கினோம்.

காலமை கரைப்பாதையில் நடந்து பார்த்தேன். எங்களுக்கு மட்டும் நடக்கவில்லை. மூன்று படகுகளுக்கு முளை கழன்றிருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கிற பிள்ளை, படகின் பக்கத்தில் தொங்கவிட்ட ரப்பர் பந்து ஒன்று நசிந்து அறுந்துபோனதைக் காட்டினாள். குழந்தை பயந்து அழுதது மூன்று மணிவரை ஓயவில்லையாம். பாலத்துக்குப் பக்கத்தில் நாணலுக்குள் கூடு கட்டியிருந்த நாமக்கோழியின் கூட்டில் பாதியைக் காணவில்லை. கோழி மட்டும் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

பின்னேரம், கோயிலுக்குப் போய் வந்தேன். ஈழபதீஸ்வரர் கோயில் கால்வாயில் இருந்து கூப்பிடு தூரம். வழியில் ஈலிங் றோட்டில் மரக்கறி வாங்கினேன். இந்தப் பக்கத்தில் இவ்வளவு தமிழ்ச் சனம் இருந்தும், தண்ணீரில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது கனபேருக்குத் தெரியாது. கடையில் விஷயத்தைச் சொல்ல, "இரவிலும் அதுக்குள்ளேயே படுக்கிறீங்களா அக்கா?" என்று தம்பி கேட்டார். நேற்று இரவு அந்தப் படகில் ஆடியவர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்கலாம். இருட்டில் கட்டிக்கிடக்கிற படகைப் பார்த்தால் ஆளில்லாத படகு மாதிரித்தான் இருக்கும்.

மே 28 – செவ்வாய்

பக்கத்துப் படகுப் பெரியவர் வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்தார். ஆங்கிலேயர், எழுபது தாண்டியவர், வாழ்நாளில் பாதி கால்வாயில். நான் கோபத்தில், "இரவில் படகு ஓட்டுவதையே தடை செய்ய வேண்டும்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கிளைக் கால்வாய் 1801 இல் திறந்தது. பெரிய கிராண்ட் யூனியன் கால்வாயை ஹேய்ஸ் பக்கம் புல்ஸ் பிரிட்ஜில் விட்டுப் பிரிந்து பாடிங்டன் வரை பதின்மூன்றரை மைல். அந்தக் காலத்தில் 'பறக்கும் படகுகள்' என்று ஒரு வகை இருந்ததாம். கெட்டுப்போகிற சாமான், அவசரச் சாமான் ஏற்றினால், கரையில் நடந்து படகை இழுக்கிற குதிரையை மாற்றி, ஆளை மாற்றி இராப்பகலாக ஓடும். மற்றப் படகுகள் அதற்கு வழிவிட வேண்டும். இரவு ஓட்டம் கால்வாயோடு கூடப் பிறந்தது.

அதே மூச்சில் றீஜன்ற்ஸ் பார்க் பக்கத்து மக்ளெஸ்ஃபீல்ட் பாலத்தின் கதையும் வந்தது. 1874 ஒக்டோபர் 2, விடியுமுன். பெற்றோலியமும் வெடிமருந்தும் ஏற்றிய 'ரில்பெரி' என்ற படகு பாலத்துக்கு அடியில் வெடித்து, படகில் இருந்தவர்கள் செத்து, பாலமும் போய், சுற்றியிருந்த வீடுகளும் உடைந்தன. பாலத்தைத் திரும்பக் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்தினார்கள். அதனால் குதிரைக் கயிறு அறுத்த தடம் இன்றைக்கு அந்தத் தூண்களின் இரண்டு பக்கமும் இருக்கிறது. தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தால் இரவில் எதைக் கொண்டுபோகலாம் என்ற கேள்வி அன்றைக்கே கேட்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் போனபிறகு யோசித்தேன். இரவில் ஓடுகிறவர்களில் நைற் ஷிஃப்ற் முடிந்து படகை நகர்த்துகிறவர் இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போகவேண்டியவர் இருக்கலாம். அவர்களை நான் தடுக்கக் கூடாது. எனக்கு வேண்டியது வேகம் குறைவதும் பாட்டு நிற்பதும்தான்.

மே 30 – வியாழன்

விதிகளை உட்கார்ந்து வாசித்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 இல் இருந்து கனால் அன்ட் றிவர் ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்புப் பார்க்கிறது. 1965 ஆம் ஆண்டுத் துணைவிதிகளின்படி ஆகக்கூடிய வேகம் மணிக்கு 4 மைல். கட்டிக்கிடக்கிற படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைத்து, எஞ்சின் தன்பாட்டில் சுற்றுகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஓட்டப் பழகும்போதே சொல்லித்தருகிற பாடம். கட்டிநிற்கிற படகு இரவு 8 மணியில் இருந்து காலமை 8 மணிவரை மற்றவர்களுக்குக் கேட்கும்படி எஞ்சினோ ஜெனரேற்றரோ ஓடவிடக் கூடாது. விடுமுறைக்கு வாடகைக்குக் கொடுக்கிற படகுகளை இருட்டினபிறகு ஓட்டக் கூடாது என்று கொடுக்கிற கம்பனிகளே வழமையாக நிபந்தனை போடும். சொந்தப் படகுக்கு அந்தத் தடை இல்லை. முன்னால் வெள்ளை விளக்கு இருந்தால் இரவிலும் ஓடலாம்.

சத்தத்துக்கு 1990 ஆம் ஆண்டுச் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உள்ளூர்ச் சபை விசாரிக்கலாம். அந்தச் சட்டத்தில் 'இடம்' என்றால் படகும் அடங்கும். பழைய நீராவி எஞ்சின் படகுக்கு மட்டும் விலக்கு. ஆனால் சபை அதிகாரி ஒருவர் வந்து கேட்க வேண்டுமென்றால் சத்தம் நகராமல் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கொண்டாட்டப் படகு பத்து நிமிடத்தில் கடந்துவிடும், அரை மணியில் அடுத்த சபையின் எல்லைக்குள் போய்விடும். அல்பேர்ட்டன் பிரென்ற் சபைக்குள், அடுத்த பேரிவேல் ஈலிங் சபைக்குள்.

இந்தக் கிளையில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. புல்ஸ் பிரிட்ஜில் இருந்து பாடிங்டன் பக்கத்து லிற்றில் வெனிஸ் தாண்டிக் கம்டன் வரைக்கும் லொக், அதாவது தண்ணீரை நிரப்பி, வடித்துப் படகை ஏற்றி இறக்குகிற கதவுத் தொட்டி, ஒன்றுகூட இல்லை. லொக் இருந்தால் இறங்கி, கதவைத் தள்ளி, தண்ணீர் நிரம்பும்வரை நிற்க வேண்டும். இரவில் குடித்துவிட்டு யாரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள். இங்கே தடையே இல்லை, விட்டால் விடியும்வரை ஓடலாம். கால்வாய் நோர்த் சேர்குலர் றோட்டுக்கு மேலாகவே பாலத்தில் போகிறது. கீழே கார்கள், மேலே இவர்கள் பாட்டு.

ஜூன் 2 – ஞாயிறு

சத்தம் என்றதும் கொண்டாட்டப் படகைப் பற்றி மட்டும் எழுதினால் அது நியாயம் இல்லை. இரண்டு படகு தள்ளி ஒரு பொடியன் இருக்கிறான். சாப்பாடு டெலிவரி செய்கிறான், வீடு திரும்ப ஒன்பதரை, பத்து. வந்ததும் எஞ்சினைப் போட்டுவிடுவான், பதினொன்றரை வரை டீசல் எஞ்சின் தடதடக்கும். விதிப்படி பிழை. இரண்டு பேர் கோபத்தில் முறைப்பாடு எழுதப் போனார்கள். நான் இன்று மத்தியானம் போய்க் கதைத்தேன்.

அவனிடம் இருப்பது ஒரேயொரு பழைய ஈய பற்றரி. பகல் முழுக்க குளிர்ப்பெட்டி அதை உறிஞ்சி, இரவு வரும்போது விளக்குக்குக்கூட மின்சாரம் இல்லை. பற்றரி 12.2 வோல்ற் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அது செத்துக்கொண்டே போகும், எஞ்சின் இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் நிரம்பாது. இது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குளிர்ப்பெட்டியை வெளிக்கிடும்போது நிறுத்தி, உறையவைத்த போத்தல்களை உள்ளே வைக்கச் சொன்னேன். எங்கள் கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. ஜூன் மாதத்தில் மத்தியானத்துக்குள் எங்கள் பற்றரி நிரம்பி மிச்சம் வீணாகப் போகிறது. இவர் ஒரு நீளக் கேபிள் இழுத்துக் கொடுத்தார். போத்தல்களையும் எங்கள் பெட்டியிலேயே உறையவைக்கலாம். பொடியன் வெட்கத்தோடு, "காலமை எட்டரைக்குப் பிறகு எஞ்சின் போடுகிறேன்" என்றான்.

காசில்லாமல் எழும்புகிற சத்தத்தையும், மற்றவனை எண்ணாமல் எழும்புகிற சத்தத்தையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வராது.

ஜூன் 4 – செவ்வாய்

நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது, 1995 ஆம் ஆண்டுச் சட்டம். பேரிவேல் பக்கம், ஹோர்ஸென்டன் குன்றுக்கு அடியில் வந்து கட்டினோம். இவர் இனிக் கரைப்பாதையால் சைக்கிளில் வேலைக்குப் போவார். மரம் கூடிய இடம், நல்ல காற்று.

ஜூன் 7 – வெள்ளி

நேற்று இரவு பன்னிரண்டு தாண்டி ஒரு படகு போனது. எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில், விளக்குத் தாழ்த்தி, பின்னால் ஒரு மனுசன் தனியாக. எங்கள் கயிறு அசையக்கூட இல்லை. மேலே நின்று துணி எடுத்துக்கொண்டிருந்த நான் கையைக் காட்ட, அவரும் கை காட்டினார். எங்களைத் தாண்டி நெடுநேரம் போனபிறகுதான் வேகம் கூட்டியது காதுக்குத் தெரிந்தது. இப்படி இரவு முழுக்கப் படகுகள் போனாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

ஜூன் 9 – ஞாயிறு

நேற்று அதே அகலப் படகு. பதினொன்று நாற்பது. இந்தமுறை ஆயத்தமாக இருந்தேன். ரோச்சை எங்கள் படகின் பக்கத்தில் அடித்து, கையைக் கீழே கீழே அசைத்து, "ஆட்கள் படுத்திருக்கிறார்கள், மெதுவாகப் போங்கள்" என்று கத்தினேன். ஓட்டினவர் பார்த்தார். ஒரு பெட்டை "சொறி!" என்று சொன்னாள். வேகம் குறையவில்லை. ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த பதிவு இலக்கத்தை வாசித்துக்கொண்டேன். ஒவ்வொரு படகிலும் அது தெரியும்படி இருக்க வேண்டும். நேரம், பாலத்தின் இலக்கம், முளை கழன்றதா என்பது எல்லாம் கொப்பியில் இருக்கிறது.

ஜூன் 12 – புதன்

கண்டுபிடித்தேன். கிரீன்ஃபோர்ட் பக்கம் பகலில் கட்டியிருந்தது. ஓட்டினவர் கூரையைக் கழுவிக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். பகலில் பார்த்தால் யாரிலும் கோபம் வருவது கஷ்டம்.

அவர் சொன்னது: லைசென்ஸ் இருக்கிறது, இரவில் ஓடத் தடை இல்லை, எல்லாரும் கூட்டாளிகள், காசு வாங்கி ஏற்றவில்லை, கால்வாய் எல்லாருக்கும் பொது.

நான் கழன்ற முளையைப் பற்றியும், அழுத பிள்ளையைப் பற்றியும், நாலரைக்கு பஸ் எடுக்கிற மனுசனைப் பற்றியும் சொன்னேன். "உங்கள் படகிலும் படுக்கிறீர்கள்தானே, ஒருநாள் இரவு எங்கள் பக்கத்தில் கட்டிப் படுத்துப் பாருங்கள்" என்றேன். முளை கழன்ற கதைக்கு முகம் மாறியது. தான் எழுப்புகிற அலை பின்னால் என்ன செய்கிறது என்பதை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லைப் போலிருக்கிறது. ஓட்டுகிறவர் பார்ப்பது முன்னுக்கு, சேதம் நடப்பது பின்னுக்கு. வேகத்தைக் குறைக்கிறேன் என்று கை தந்தார். பாட்டைப் பற்றிக் கேட்க, "பத்து மணிக்கு நிறுத்தினால் யார் வருவார்கள்?" என்றார். கரையில் படகுகள் கட்டியிருக்கிற இடங்களில் மட்டுமாவது நிறுத்துங்கள் என்றேன். தலையாட்டினார், வாக்குத் தரவில்லை.

ஜூன் 16 – ஞாயிறு

நேற்று இரவு வந்தார்கள், பன்னிரண்டு ஐந்து. சொன்னபடி வேகம் குறைத்திருந்தார். முளை அசையவில்லை, கோப்பை ஒன்றும் விழவில்லை. பாட்டு மட்டும் அதே உச்சத்தில் இருந்தது. மெதுவாகப் போனதால் எங்களைத் தாண்ட இன்னும் கூடுதல் நேரம் எடுத்தது.

வேகத்துக்கு நன்றி சொல்லி ஒரு துண்டு எழுதி அவருடைய படகில் செருகிவிட்டு வரப்போகிறேன். பாட்டுக்குத் தனியாக, இலக்கமும் நேரமும் போட்டு ட்ரஸ்ட்டுக்கு எழுதிவிட்டேன். அல்பேர்ட்டனில் பக்கத்தில் இருந்த பெரியவரும் கைக்குழந்தைக்காரப் பிள்ளையும் தங்கள் நேரக் குறிப்புகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி எழுதினால் அது ஒருத்தியின் நித்திரை, நாலு படகு ஒரே இலக்கத்தை, ஒரே இரவை எழுதினால் யாராவது அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். மற்ற இரண்டு படகுகளிடம் நாளைக்குக் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை புல்ஸ் பிரிட்ஜ் பக்கம் நகர்கிறோம்.