கையில் காசு இருக்கும்போது எந்தக் கடைக்குப் போகிறோம்?

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் உரக்கடைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்று கண்ணில் படும். எல்லாக் கடையிலும் அதே யூரியா, அதே டிஏபி, அதே கம்பெனி மருந்துகள்தான். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மூட்டையிலேயே அச்சடித்து வருகிறது, கைரேகை வைத்து பிஓஎஸ் மெஷினில் பில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஆக விலையைக் குறைத்து ஆள் பிடிக்கிற வேலைக்கு அங்கே பெரிதாக இடமில்லை. அப்படியிருந்தும் ஒரு கடையில் காலை எட்டு மணிக்கே கூட்டம் நிற்கிறது, நாலு கடை தள்ளி இன்னொரு ஓனர் பேப்பரைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கடன் கொடுப்பாரு, அதான்" என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதிதான் சரி. இங்கே உரக்கடைக் கணக்கு அறுவடைக்கு அறுவடை. நடவுக்கு வாங்கி, நெல்லை டிபிசியில் (அரசு நேரடி கொள்முதல் நிலையம்) போட்டு, பணம் அக்கவுண்டில் ஏறியதும் அடைப்பது. பாக்கி நிற்கும்வரை வேறு கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது, அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். யூரியா கேட்டால் கூடவே ஒரு பயிர் டானிக் பாட்டிலைத் தலையில் கட்டுகிற கடைகள் உண்டு, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு நிற்பவர் அதற்கு என்ன பேசிவிட முடியும்? இதையெல்லாம் நான் வாடிக்கையில் சேர்க்க மாட்டேன். பாக்கியை முழுசாக அடைத்துவிட்டு, கையில் ரொக்கத்தோடு நிற்கும்போது அந்த மனுஷர் எந்தக் கடைப் படி ஏறுகிறார், அதுதான் வாடிக்கை.

எங்கள் வீட்டில் அப்படி ஏறுகிற கடை ஒன்றுதான். பேரைச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், கடைக்கார அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் போய் "நெல்லுல புகையான் பூச்சி விழுந்துடுச்சு, நல்ல ஸ்ட்ராங்கான மருந்தா குடுங்க" என்று கேட்டால் ஷெல்ஃப் பக்கம் திரும்பவே மாட்டார். கேள்விதான் முதலில் வரும். என்ன ரகம்? நட்டு எத்தனை நாள்? கடைசியா யூரியா எப்போ போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க? வயலில் தண்ணி நிக்குதா? தூரை விரித்துப் பார்த்தீர்களா, இல்லை வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தீர்களா? எங்கள் தெரு மாமா ஒருவர் ஒருமுறை பொறுமை இழந்து, "மருந்து இருக்கா இல்லையா, அதைச் சொல்லுப்பா" என்றார். அண்ணன் அசரவில்லை. "இருக்கு மாமா. மொதல்ல தண்ணிய வடிங்க. யூரியாவை நிறுத்துங்க. பயிரை விலக்கி விட்டு அடித்தூர்ல வெயில் படட்டும். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துட்டு வாங்க, அப்பவும் இருந்தா தர்றேன்" என்று அனுப்பிவிட்டார். மாமா வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான் வந்தார்.

வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்வதும் இதைத்தான். யூரியாவில் இருக்கிற தழைச்சத்து அதிகமானால் புகையான் பெருகும், அது உட்காருவது தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரில், மேலாக இலையில் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி நடாமல் இடைவெளி (பட்டம்) விடச் சொல்வதும் காற்றும் வெளிச்சமும் அடி வரைக்கும் போகத்தான். சிந்தெடிக் பைரெத்ராய்டு வகை மருந்தை அடித்தால், அது புகையானைத் தின்கிற சிலந்தி முதலானவற்றையும் கொன்றுவிடுவதால், பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். இது தெரிந்தும் பூச்சிக்கொன்று, பூஞ்சைக்கொன்று, பச்சை கட்டுவதற்கு ஒன்று என்று மூணு பாட்டிலைச் சேர்த்துக் கொடுத்து, எல்லாத்தையும் ஒரே டேங்க்கில் கலந்து அடிக்கச் சொல்கிற கடைகள் இருக்கின்றன. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று யாருக்கும் தெரியாது. கடைக்கு அது வசதி.

2017-ல் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பதுதான் வழக்கம், அந்த வருஷம் திறந்ததே அக்டோபர் 2. சிஆர் 1009 ரக நெல் விதையைப் பெரும் நம்பிக்கையில் எடுத்து அடுக்கி வைத்திருந்தார் அண்ணன். தண்ணீர் வந்த சேதி கேட்டதும் ஆட்கள் அதையே கேட்டுத் திரண்டார்கள், எங்கள் அப்பாவும் போனார். அண்ணன் சொன்னது இதுதான்: "சித்தப்பா, இது 155 நாள் பயிர். இப்ப நாத்து விட்டா மார்ச்சு மாசம்தான் அறுப்பு. ஜனவரி 28-க்கு மேல மேட்டூர் தண்ணி ஏது? கதிர் வர்ற நேரத்துல காயும். ஏடிடி 39 மாதிரி 125 நாளுக்குள்ள வர்றதாப் பாருங்க." ஏடிடி 39 அவரிடம் அன்றைக்கு இல்லை! வேறு கடையில் இருக்கிறது என்று கடையையும் கைகாட்டிவிட்டார். விதைக்குச் சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கெடு, அடுத்த சம்பாவுக்குள் அது தாண்டிவிடும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? விற்றிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், வானம் பொய்த்தது என்று பழியை மேலே போட்டுவிடலாம். அந்த வருஷம் அவர் கைகாட்டிய கடையில் விதை வாங்கிய அப்பா, உரத்துக்கு மட்டும் திரும்ப இங்கேயே வந்தார். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே.

இன்னொரு பழக்கம், எனக்கு ரொம்பப் பிடித்தது. விதை வாங்கினால் மூட்டையில் இருக்கிற நீல அட்டையைக் காட்டி, லாட் எண்ணைப் பில்லில் எழுதி, "மூட்டையைப் பிரிச்சதும் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பில்லோட சேத்து அறுப்பு வரைக்கும் வைங்க, முளைப்பு சரியில்லன்னா விதை ஆய்வாளர் கிட்ட போக அது வேணும்" என்பார். சான்று விதை என்றால் நெல்லுக்கு 80 சதவீதமாவது முளைத்தாக வேண்டும். ஆக, தன் மேலேயே புகார் கொடுக்க வேண்டிய காகிதத்தைத் தானே எழுதி நம் கையில் கொடுக்கிறார். இதைவிட ஒரு கடைக்காரர் என்ன பேசி நம்மை நம்பவைக்க முடியும்? வெள்ளைச் சீட்டில் கூட்டிப் போட்டு "பில்லு வேணும்னா வரி சேரும்" என்று சொல்கிற கடையில் எனக்குக் கால் நிற்பதில்லை.

உரக்கடை மட்டும்தான் இப்படி என்றில்லை. போர் மோட்டார் நின்றுபோனால் நாங்கள் போகிற வைண்டிங் கடைக்காரர், நம்மைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் மோட்டாரைப் பிரிப்பார். காயில் கருகியிருந்தால் கையில் எடுத்துக் காட்டுவார், பேரிங் மட்டும் போயிருந்தால் பேரிங் மட்டும்தான். ரீவைண்டிங் செய்தால் உருவின பழைய செம்புக் கம்பியை எடை போட்டுக் கணக்கில் கழித்துவிடுவார். பல இடங்களில் அந்தக் கம்பி சத்தமில்லாமல் மூலைக்குப் போய்விடும், நமக்கும் கேட்கத் தோன்றாது.

சரி, நேர்மையாக இருந்தால் வியாபாரம் கொழிக்குமா என்றால், அப்படியெல்லாம் அடித்துச் சொல்ல மாட்டேன். கம்பெனிகள் டார்கெட் வைத்து, எட்டினால் டூர், பரிசு என்று ஸ்கீம் போடுகின்றன, அண்ணனுக்கு அதெல்லாம் எட்டாது. மூணு பாட்டில் விற்கிற இடத்தில் ஒன்றை விற்கிறவருக்கு மாடி வீடு எழும்பத் தாமதமாகும். பேச்சும் அவருக்கு அவ்வளவு இனிப்பில்லை, டெலிவரி கிடையாது, மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலுக்குத்தான் தூக்குவார், எந்த அவசரமானாலும். அது எனக்கே கடுப்புதான். ஆனால் அவர் கடன் நோட்டில் வராத பாக்கி குறைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். இவரை ஏமாற்றிவிட்டு ஊரில் நடமாட யாருக்கும் முகமில்லை போலிருக்கிறது.

போன குறுவைக்கு முன்னால் நான் கடையில் இருந்தபோது ஒரு கம்பெனி ரெப் புது ரகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார், படம் போட்ட நோட்டீஸ், ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பெரிய எழுத்து. வந்திருந்த விவசாயி ஒருவர் ஆசைப்பட்டு ஆறு ஏக்கருக்கும் கேட்டார். ரெப் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அண்ணன் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மண்ணுல எப்படி வரும்னு எனக்கே தெரியாது. ஒரு மாவுல மட்டும் போட்டுப் பாருங்க, மிச்சத்துக்கு எப்பவும் போடுறதையே போடுங்க" என்றார். ஒரு மா என்பது எங்கள் பக்கம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ரெப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த விவசாயி அவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை, ஒரு மாவுக்கு அதையும் மிச்சத்துக்கு ஏடிடி 43-ஐயும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் ரொக்கத்தை எண்ணி வைத்தார்.