கேஷுவாலிட்டி நாட்குறிப்பு: பச்சை டேக்

நவம்பர் 11, விடியற்காலை 4.30

மழை விட்டபாடில்லை. டியூட்டி மாற இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி பதினொன்றேகாலுக்கு வேன் கவிழ்ந்த கேஸ். காதுகுத்து முடிந்து ஊர் திரும்பியவர்கள். 108 இரண்டு நடை, வழியில் வந்த லோடு ஆட்டோ ஒரு நடை. மொத்தம் 19 பேர். டியூட்டி டாக்டர் ஒருவர், ஹவுஸ் சர்ஜன் இரண்டு பேர், நர்ஸ் நாங்கள் மூன்று பேர். யாரை முதலில் பார்ப்பது என்று நிறத்தில் காட்டும் டேக்கை வாசலில் நின்று கட்டியது நான். உடனே பார்க்க வேண்டிய சிவப்பு 4, கொஞ்சம் பொறுக்கலாம் என்கிற மஞ்சள் 6, காத்திருக்கலாம் என்கிற பச்சை 9. பிழைக்க வழியில்லை என்கிற கறுப்பு இல்லை, சாமி காப்பாற்றியது.

அவள் லோடு ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தாள். எட்டு மாசம். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. பல்ஸ் 104, பி.பி. 110/70. நடக்கிறாள், பேசுகிறாள், பச்சை கட்டி பெஞ்சில் உட்கார வைத்தேன். பக்கத்தில் கை ஒடிந்த பாட்டிக்கு பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் பெஞ்சுப் பக்கம் மறுபடி போக முடிந்தது. போகிற போக்கில், "பாப்பா அசையுதாம்மா?" என்றேன்.

"ரொம்ப நேரமா தூங்குது சிஸ்டர். வண்டி ஆடுன ஆட்டத்துல அசந்துபோச்சு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயிற்றில் கை வைத்தேன். பலகை. கொஞ்ச நேரம் காத்தும் இளகவில்லை. வெளியே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பல்ஸ் 128. வயிற்றில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியில் குழந்தையின் துடிப்பு வெறும் 90. அப்ரப்ஷன். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிய்ந்து, ரத்தம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கிறது.

வலது இடுப்புக்கு அடியில் மடித்த போர்வையைக் கொடுத்து இடது பக்கம் சாய்த்தோம். இரண்டு கையிலும் பெரிய ஊசி, ரத்த வங்கிக்கு ஓட ஒரு ஆள், நேரே தியேட்டர். 12.50க்கு எடுத்தார்கள். பெண். 1,700 கிராம். அழவில்லை. பையை அமுக்கி மூச்சு கொடுத்த பிறகு ஒரு முனகல். இப்போது பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவான எஸ்.என்.சி.யு.வில் இருக்கிறாள்.

நவம்பர் 12

தூக்கம் வரவில்லை. நான் செய்தது விதிப்படி சரி, அதுதான் உறுத்துகிறது.

கூட்டமாக அடிபட்டு வருகிறவர்களை டேக் கட்டிப் பிரிக்க எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஸ்டார்ட் முறை. 1983ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. நடக்கிறவருக்குப் பச்சை. நடக்காதவருக்கு மூச்சு நிமிஷத்துக்கு 30ஐத் தாண்டினால், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால், சொன்னதைச் செய்யாவிட்டால் சிவப்பு. மாசமா என்ற கேள்வியே அதில் இல்லை.

மாசமாக இருக்கிறவளின் உடம்போ நன்றாக மறைக்கும். ரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட பாதி கூடியிருக்கும். 1,200, 1,500 மில்லி போன பிறகுதான் பி.பி. இறங்க ஆரம்பிக்கும். அதுவரை உடம்பு கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து அவளைக் காப்பாற்றும். அதனால் முதலில் தவிப்பது குழந்தை. தாயின் பி.பி. அழகாக இருக்கும்போதே.

பல்ஸை மேல் பி.பி.யால் வகுத்துப் பார்க்கச் சொல்வார்கள்; 0.9க்கு மேல் போனால் உஷார். 104ஐ 110ஆல் இன்று வகுத்தேன். 0.95. அன்றைக்கு வாசலில் வகுக்கவில்லை.

நவம்பர் 14

இன்று நேர் எதிர். ஏழு மாசப் பெண், காதுவலி. கூட வந்த மாமியார் கத்தின கத்தலில் வராந்தாவே திரும்பியது: "பிள்ளைத்தாச்சியை நிக்க வைக்கிறீங்களே, நீயும் ஒரு பொம்பளதானே?" உள்ளே நெஞ்சுவலிக்காரருக்கு ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருந்தது.

நாற்காலி போட்டேன். பி.பி. 116/72. தலைவலி இல்லை, கண் மங்கவில்லை, ரத்தப்போக்கு இல்லை, பிள்ளை உதைக்கிறது. "இருபது நிமிஷம் உட்காருங்கம்மா" என்றேன். வசவு தொடர்ந்தது. தலைவலியோடு 160/110 இருந்திருந்தால் நானே தள்ளிக்கொண்டு ஓடியிருப்பேன். வலிப்பு வருவதற்குள் மெக்னீசியம் போட வேண்டுமே. பஸ்ஸில் எழுந்து சீட் கொடுக்கிற மரியாதை வேறு, இது வேறு. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல அப்போது பொறுமை இல்லை.

நவம்பர் 15

டாக்டரிடம் பச்சை டேக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "இருபது வாரம் தாண்டினவளுக்கு அடிபட்டிருந்தா, நடந்து வந்தாலும் குறைஞ்சது மஞ்சள். நாலு மணி நேரமாவது குழந்தைத் துடிப்பை விடாம பாக்கணும்" என்றார். இன்சார்ஜ் சிஸ்டர், "எல்லாரையும் மஞ்சளாக்கினா பெட்டுக்கு எங்க போக?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடிபட்டவர்களுக்கு மட்டும் என்று முடிவாகி, டேக் மேசைக்கு மேலே சார்ட் ஒட்டியாயிற்று: எத்தனை மாசம்? வயிறு இறுகுதா? பிள்ளை அசையுதா? ரத்த குரூப் என்ன? நெகடிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமலிருக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. என் கையெழுத்து கோணல். ஹவுஸ் சர்ஜன் தம்பி மறுபடி எழுதிக் கொடுத்தான்.

நவம்பர் 16

வார்டுக்குப் போனேன். பாலைப் பீய்ச்சி எஸ்.என்.சி.யு.வுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்களாம். முதலில் கட்டியது நான்தான், தப்பான டேக் என்று சொன்னேன். அவளுக்கு டேக்கே ஞாபகமில்லை.

"சிஸ்டர், அந்தப் பாட்டி?"

"எலும்பு வார்டுல. மாவுக்கட்டு போட்டாச்சு."

"என் தண்ணி பாட்டில் அவங்ககிட்டதான் இருக்கு" என்றாள்.

போய் வாங்கி வந்தேன்.