யாங்கோனில் ஒரு சிறு கூடுகை

சென்ற சனிக்கிழமை மியான்மரின் (பர்மா) யாங்கோனில் ஓர் ஆலயக் கூடத்தில் நடந்த தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தாளர் கூடுகைக்குச் சென்றிருந்தேன். வந்திருந்தவர்கள் பதினேழு பேர்; அவர்களுள் சிலர் தேநீருக்காகவே வந்தவர்கள் என்பது என் ஐயம். தரங்கம்பாடியில் 1715-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதையும், 1813-இல் யாங்கோனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1834-இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்ததையும் முதற் பேச்சாளர் நினைவூட்டினார். இரு மொழி வேதாகமங்களையும் வீட்டில் வைத்திருக்கும் நாங்கள் எம்மொழியில் சாட்சி, அதாவது எங்கள் விசுவாச அனுபவம், எழுதுவது என்ற கேள்வியிலேயே பிற்பகல் கழிந்தது. பேரப்பிள்ளைகள் தமிழ் பேசினாலும் படிப்பது பர்மிய எழுத்தைத்தான் என்று வருந்திய ஒரு மூத்த அம்மையார், இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் பர்மியமுமாகத் தாம் எழுதிவரும் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம் வாசித்தார். அன்றைய உரைகள் அனைத்தையும்விட எனக்கு அதுவே பிடித்திருந்தது.