பாண்டியா, கடலூரா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

என் கணவருக்குப் பெங்களூரு வேலையை விட்டுப் புதுச்சேரியில் ஒரு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டு வாடகை, பையன் படிப்பு, அத்தையின் வைத்தியம் மூன்றும் கட்டுப்படியாகிற ஊராகப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வேலையில் சேர்ந்துவிட்டதால் அலைச்சல் முழுக்க என் தலையில். அந்த அலுப்பு இன்னும் போகவில்லை. இந்தப் பக்கம் குடிவர நினைப்பவர்கள் நான் பட்ட பாட்டைப் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீடு தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஏரியா, வாடகை எவ்வளவு என்றுதான். இங்கே அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதா, புதுச்சேரியில் இருக்கிறதா? வரைபடத்தில் பார்த்தால் புதுச்சேரி ஒரே துண்டு மாதிரித் தெரியும். நேரில் அப்படி இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன்கள் (புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகள்) தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. பஸ்ஸில் போகும்போது பத்து நிமிடத்தில் எல்லை மாறி மறுபடி திரும்பும். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளி, நாளைக்கு அவனுடைய கல்லூரி ஒதுக்கீடு, வண்டி நம்பர் எல்லாமே வீடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

புரோக்கர் சொல்வதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டாது என்று தெரிந்ததும் ஒருவர் போன் செய்தார். "மேடம், பாண்டியிலேயே இருக்கு. பீச்சுக்குப் பத்து நிமிஷம். வேற பார்ட்டி வருது, டோக்கன் மட்டும் போட்டுடுங்க" என்றார். பாண்டிதானா என்று கேட்டதற்கு, ஆமாம், பின்கோடே 605 என்று மெசேஜும் அனுப்பினார். போய்ப் பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மீட்டர் பெட்டிக்கு மேலே ஆணியில் ஒரு வெள்ளை அட்டை தொங்கியது. அதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் குறித்திருந்தார்கள். புதுச்சேரி மின்துறை மாதாமாதம் கணக்கெடுக்கும்; இரண்டு மாதக் கணக்கு தமிழ்நாட்டில்தான். பக்கத்துக் கடையில் கேட்டேன். "இது கோட்டக்குப்பம்மா, விழுப்புரம் மாவட்டம்" என்றார்கள்.

கோட்டக்குப்பத்தைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு முகவரியும் வேண்டும், புதுச்சேரி நகரமும் கூப்பிடு தூரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தாலுகா ஆபீஸ் வானூரில், கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்தில். எங்களிடம் சொன்னது வேறு, காட்டியது வேறு. அவர் பேச்சை நம்பி முன்பே போட்டிருந்த டோக்கன் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது புரோக்கர் இழுத்தடித்தார். அவரே அனுப்பிய மெசேஜை வீட்டுக்காரரிடம் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. போனில் பேசினாலும், "வீடு எந்த மாநிலம், எந்த நகராட்சி அல்லது கொம்யூன்?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் பணத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு மெசேஜ்தான்.

பின்கோடை நம்பவே நம்பாதீர்கள். கோட்டக்குப்பம் 605104, ஆனால் தமிழ்நாடு. பாகூர் 607402, கடலூர் மாதிரியே 607-ல் தொடங்குகிறது, ஆனால் புதுச்சேரி. கரண்ட் பில்லையும் வீட்டு வரி ரசீதையும் பாருங்கள். நிலம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்கு நிலமகள் இணையதளம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் பட்டா பார்க்கும் தளம் இருக்கிறது. சர்வே எண் தந்தால் இரண்டில் ஒன்றில் வந்துவிடும்.

அடுத்து புதுச்சேரியிலேயே முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. எல்லாம் பிடித்திருந்தது, வாடகையும் பரவாயில்லை. வீட்டுக்காரர் அக்ரிமென்ட் போட மறுத்துவிட்டார். "பேப்பர் எல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே முக்கியம்" என்று சிரித்தபடியே சொன்னார். வாடகை ரசீதும் கிடையாது, வரி ரசீது நகலும் கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பேப்பர்தான் உயிர். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் ஆதாரில் முகவரி மாற்றலாம். ஆதார் மாறினால்தான் ரேஷன் கார்டு, வங்கி, வண்டி என்று மற்றதெல்லாம் நகரும். அது இல்லாத வீட்டில் வருடக்கணக்கில் பெங்களூரு முகவரியோடு குடியிருக்க வேண்டியதுதான். எனவே வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வீடு என்றால், அங்கே 2019-லிருந்து வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் அந்தச் சட்டம் வைத்திருக்கிற அளவு. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எங்களுக்கு அதைக் கேட்டதே நிம்மதியாக இருந்தது.

அதற்குள் பையன் படிப்புக் கணக்கும் எங்களை யோசிக்க வைத்தது. அவன் எட்டாம் வகுப்புக்குப் போகிறான். புதுச்சேரியில் சென்டாக் (அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) மூலம் உள்ளூர் ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் வேண்டுமென்றால் ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து வருடம், நூலிழைக் கணக்கு. முகவரிப் பேப்பர் ஒரு வருடம் தள்ளிப்போனாலும் கணக்கு உதைக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை. என் அப்பா வழிச் சொந்தமெல்லாம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி. சரி, கடலூரைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அத்தைக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காட்டுகிறோம். அது மத்திய அரசு நிறுவனம் என்பதால் எந்த மாநில முகவரியானாலும் பார்ப்பார்கள், அந்தக் கவலை இல்லை. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலூரில் வாடகை புதுச்சேரியைவிடக் குறைவு. நாங்கள் பார்த்த வீடுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் இங்கே வேறொரு சோதனை செய்தாக வேண்டும். தென்பெண்ணை ஆற்றங்கரையோரம் ஒரு நகரில் பளபளவென்று வெள்ளையடித்த வீடு காட்டினார்கள். வாடகை கேட்டதும் அத்தைக்கே பிடித்துப்போனது. உள்ளே நின்று சுவரைப் பார்த்தேன். நெஞ்சளவு உயரம் வரை பெயின்ட் பொருக்குப் பொருக்காக உப்பியிருந்தது. அதற்கு மேலே வழுவழுவென்று இருந்தது. பிளக் பாயின்ட் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள், கீழே பழைய ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்த வட்டங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "பெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டாங்க இல்ல, அந்தத் தண்ணி. நாங்க மொட்டை மாடியில கெடந்தோம்மா. பீரோ, கட்டிலு எல்லாம் போச்சு" என்றார்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் கரை கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். ஒரே நாளில் அங்கே 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆனால் கடலூருக்கு அடி விழுந்தது மழை ஓய்ந்த பிறகு, ஆற்று வழியாக. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 மழை என்று இந்த ஊர்க்காரர்கள் வரிசையாகச் சொல்வார்கள். புதுச்சேரியும் இதற்கு விலக்கில்லை. ரெயின்போ நகர்ப் பக்கம் பெரிய மழைக்குத் தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். ஆகவே எந்த ஊரானாலும் புரோக்கர் இல்லாமல் தனியாக ஒருமுறை போய், எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். பெஞ்சலுக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் கையை வைத்தே காட்டுவார்கள். கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மலிவாக வீடு கிடைத்தால் போர்வெல் தண்ணீரையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடி கிடைத்தது. பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கம். ஒப்பந்தத்தை அவரே முன்வந்து பதிந்து கொடுத்தார். மாடிக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று நான் கேட்டது அவருக்கு ஆச்சரியம். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நமக்கு வரும். கீழ்வீட்டு மீட்டரிலிருந்து இழுத்திருந்தால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் இணைப்பை மாற்றியதும், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 போட்டதும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடிந்தன.

பள்ளிதான் என்னைப் படுத்தியது. இங்கே அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். டி.சி.யை நீட்டினேன். எழுத்தர் அதைத் திருப்பிப் பார்த்தார், கீழே வெறுமையாக இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். "கவுன்டர் சைன் எங்கம்மா? வெளிமாநில டி.சி.ன்னா அந்த ஊர் கல்வி அதிகாரி கையெழுத்து வேணும். இல்லாம எமிஸ்ல ஏத்த முடியாது." எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களின் கணினிப் பதிவு. பெங்களூரு பள்ளியில் நான் கடலூர் போகிறோம் என்று சொல்லித்தான் டி.சி. கேட்டேன். கட்டண பாக்கி இருக்கிறதா என்று மும்முரமாகப் பார்த்தவர்கள் இதைச் சொல்லவில்லை.

ராத்திரி பஸ் பிடித்துப் பெங்களூருக்குப் போனேன். பள்ளி அலுவலகத்தில் சொன்ன வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், "உங்க ஸ்கூல் எங்க பிளாக்கிலேயே வராது" என்று அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் வடக்கு, தெற்கு என்று பிரித்து அதற்குள்ளும் எண் போட்ட பிளாக்குகள் இருக்கின்றன; பள்ளிக்காரர்களே தங்கள் பிளாக்கைத் தப்பாகச் சொல்லியிருந்தார்கள். சரியான ஆபீஸைக் கண்டுபிடித்தால் அங்கே பள்ளியின் கடிதம் இணைக்கவில்லை என்றார்கள். கோடை விடுமுறை, பள்ளி ஆபீஸ் மதியத்தோடு பூட்டிவிட்டது. மறுநாள் கடிதம் வாங்கிப் போனபோது கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த வயதான உதவியாளர் ஒருவர்தான், நான் கடலூரிலிருந்து வந்திருப்பதைக் கேட்டு, "உக்காரும்மா, சாயங்காலம் வருவாரு, நான் முதல்ல உன்னோடதை வைக்கிறேன்" என்று தமிழிலேயே சொன்னார். சொன்னபடி செய்தார். வட்ட முத்திரை விழுந்த அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாநிலம் மாறுகிறவர்கள், மூட்டை கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். டி.சி. வாங்கும் அன்றே எந்த வட்டாரக் கல்வி அலுவலகம் என்று கேட்டு, பள்ளிக் கடிதத்தோடு போய்க் கையெழுத்து வாங்குங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே செய்தால் நல்லது. பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் இருப்பது போலவே டி.சி.யிலும் இருக்கிறதா பாருங்கள். கர்நாடகத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவார்கள், அதற்கும் இங்கே கேள்வி வரும். இன்னொன்று, இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். என் பையன் வீட்டில் தமிழ் பேசுவான், எழுத வராது. இப்போது வீட்டுக்காரர் ஐயாதான் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். தமிழே எழுதத் தெரியாத பெரிய பிள்ளை என்றால் இதையும் கணக்கில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன.

கணவர் தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறார். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அரியாங்குப்பம் நெரிசலில் சனி ஞாயிறு என்றால் பொறுமை வேண்டும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது, எனவே பஸ் அல்லது சொந்த வண்டி. பெட்ரோல் அந்தப் பக்கம் விலை குறைவு என்பதால் வரும் வழியிலேயே நிரப்பிக்கொண்டு வருகிறார்.

இன்னும் முடியாதது கார். வண்டி ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். எந்த ஆபீஸுக்குப் போகிறது என்று அதிலேயே எழுதுவார்கள். புதுச்சேரி என்றால் பிஒய்-01, கடலூர் என்றால் டிஎன்-31. ஊர் முடிவாகும் முன்னால் என்ஓசி எடுத்துவிட்டால் ரத்து செய்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பெங்களூரு ஏஜென்ட் ஆரம்பத்திலேயே புதுச்சேரிக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்று அவசரப்படுத்தினார், நல்லவேளை நான் சம்மதிக்கவில்லை. கார் கடன் இருந்தால் வங்கியிடமும் தடையில்லாச் சான்று வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க, இங்கே புது நம்பர் வாங்கிய ஆதாரத்தோடு அங்கே மனுப் போட வேண்டும். கடலூருக்கு என்று எழுதிய என்ஓசி போன வாரம் கைக்கு வந்தது. திங்கட்கிழமை படிவம் 27-ஐ எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸ் போகிறோம்.