கொட்டாஞ்சேனைப் பட்டறைக்கு நாங்களே சுட்ட உலைக்கல்

எங்கள் பட்டறையில் பித்தளை வார்க்கிறோம். பித்தளை 930 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். ஆனால் சிரட்டைக்கரிக்குக் காற்றடித்து மூட்டும்போது உலைச்சுவர் அதைவிட எவ்வளவோ கூடிய சூட்டைத் தாங்கவேண்டும். 2022இல் இறக்குமதிக் கல்லின் விலை கைக்கு எட்டாமல் போனதும் உள்ளூர்க் களியில் நாங்களே உலைக்கல், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் செங்கல், செய்ய இறங்கினோம்.

சாதாரணச் செங்கல் மண் இதற்கு ஆகாது. அதைச் சிவப்பாக்கும் இரும்பே கடும் சூட்டில் அதை இளகவும் வைக்கும். வேண்டியது வெண்களி, அதாவது கயோலின். பொரலஸ்கமுவையிலேயே அதன் படிவு இருக்கிறது, கொழும்புக்காரருக்குப் பெரிய அலைச்சல் இல்லை. தனியே பிசைந்தால் உதிரும் என்பதால், களுத்துறைப் பக்கம் தெதியாவலையில் கிடைக்கும் பசைக்களியையும் சேர்த்தோம்.

கலவையில் பாதி, முன்கூட்டியே சுட்டு நொறுக்கிய வெண்களி. பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். ஒருமுறை சூளை கண்ட களி பிறகு அவ்வளவாகச் சுருங்காது. பச்சைக்களி சுருங்கும்போது கல் பிளக்காமல் அதுதான் பிடித்து நிற்கும். பருக்கை, குறுணி, மா என மூன்று பருமனிலும் இருந்தால் இடைவெளி அடைபடும். உடைந்த கோப்பை, பீங்கானை இடித்துப் போடச் சொல்பவர்களும் உண்டு. போடாதீர்கள், அவற்றில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் சூட்டில் உருகும்.

தண்ணீர் மிகக் குறைவு. கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. மர அச்சில் போட்டு இடித்து இறக்கினோம்.

கொழும்பின் ஈரக்காற்றில் காயவைப்பதுதான் பெரும்பாடு. வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி வெடிக்கும். நிழலில் சாக்குப் போர்த்தி, புரட்டிப் புரட்டி வைத்தோம். காய்ந்தது என்று நான் எடுக்கப் போனபோதெல்லாம் அப்பா கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "குளிருது தம்பி, இன்னும் காயேல்ல."

சட்டிபானைச் சூளையின் சூடு போதாது. பீங்கான் சுடும் ஒருவரின் எரிவாயுச் சூளையில் இடம் வாங்கினோம். நூறு பாகையில் இரவு முழுக்க வைத்து, 573 பாகையை மிக மெதுவாகக் கடந்தோம். அங்கேதான் களியிலுள்ள குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் சட்டென்று விரியும். பிறகு 1250 வரை. வெண்களி முல்லைட் என்ற, சூடு தாங்கும் படிகமாக இறுகுவதற்கு அந்தச் சூடு வேண்டும்.

சுவருக்குப் பின்னால் வைக்கும் இலேசான கல்லுக்கு மொறட்டுவை மரத்தூளைக் கலந்தோம். தூள் எரிந்துபோன துளைகளில் காற்று நின்று வெப்பத்தை மறிக்கும். அதை நெருப்பு முகத்தில் வைக்கவேண்டாம். சிரட்டைச் சாம்பலின் பொட்டாசியம் கல்லை அரிக்கும், நுண்துளைக் கல்லை இன்னும் விரைவாக.

கட்டும்போது சீமெந்து கூடாது. அதே களியை, சுட்டு நொறுக்கிய வெண்களியின் மாவோடு கரைத்து மெல்லியதாகப் பூசி அடுக்கினால் போதும்.