பாய்லரில் 180 டிகிரி, வீட்டுக்குள் ஜாக்கெட்: விறகு பாய்லரோடு ஒரு குளிர்காலம்

பாய்லர் திரையில் 180 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 82 செல்சியஸ். வீட்டு ஹாலில் ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. ஜனவரியில், வெளியே மைனஸ் இருபதில் நடந்த கூத்து இது. கனடாவில், பீட்டர்பரோ தாண்டி ஊர்ப்புறத்தில் வீடு வாங்கியபோது பின்பக்கம் வெளியே நின்று, தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக வீட்டுக்குள் அனுப்பும் விறகு பாய்லரும் வீட்டோடு வந்தது. எங்கள் சாலைக்குக் குழாய் கேஸ் கிடையாது. புரொப்பேன் பில்லைப் பார்த்தவர்கள் விறகை விடமாட்டார்கள். காப்பீட்டுக்கு வேண்டிய, விறகு அடுப்புகளைச் சோதித்துத் தரும் வெட் (WETT) ஆய்வு அறிக்கை சிக்கலில்லாமல் கிடைத்தது, முதல் குளிர்காலமும் ஓடிவிட்டது. வம்பெல்லாம் இரண்டாவதில்தான்.

டீலர் அனுப்பிய மெக்கானிக் வந்து அடுப்புக் கதவைத் திறந்தார். உள்சுவர் முழுக்கக் கறுப்பாகத் தார் வழிந்திருந்தது. "ஈர விறகு போடறீங்க" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். விறகு அடுக்கியிருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பம்பைத் தொட்டுப் பார்த்து, இதுவும் போய்விட்டது என்றார். புதுப் பம்ப், கூலி, வண்டிச் செலவு என்று நீட்டிய பில்லைப் பற்றிப் பேச இன்னும் மனசு ஆறவில்லை. பம்ப் மாறியதே தவிர குளிர் குறையவில்லை. மறுபடி கூப்பிட்டால், "அப்போ விறகுதான்" என்கிறார்.

விறகைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு அரித்து, நின்றபடியே செத்துப்போன ஆஷ் மரங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அதைத்தான் வெட்டிப் பிளந்து, கூரைக்கடியில் காயப் போட்டிருந்தோம். இருந்தாலும் ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் வாங்கினேன். கட்டையின் முனையில் குத்திப் பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நடுவில் பிளந்து, அந்தப் புது முகத்தில் குத்த வேண்டும். எங்களுடையது 18 சதவீதம். 20-க்குக் கீழே இருந்தால் விறகைக் குறை சொல்ல வழியில்லை.

அப்புறம்தான் வெப்பத்தை இடம் இடமாக அளக்க ஆரம்பித்தேன். இதை அந்த மெக்கானிக் முதல் பத்து நிமிஷத்தில் செய்திருக்க வேண்டும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி இருந்தால் போதும். ஆனால் பளபளக்கும் செம்புக் குழாயில் நேராகக் காட்டினால் அது பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் காட்டுங்கள். பாய்லரை விட்டுக் கிளம்பும்போது 180. பேஸ்மென்ட்டுக்குள் வரும்போது 177. ஆக, தரைக்கடியில் போகும் குழாயில் கோளாறு இல்லை. (குழாய் போகும் தடத்தில் மட்டும் பனி உருகி முற்றத்தில் கோடு விழுந்தால், அங்கே இன்சுலேஷனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் செலவு வேறு ரகம்.) வீட்டுச் சூடு எல்லாம் கொடுத்துவிட்டுத் திரும்பும் குழாயில் மட்டும் 115.

போகிற தண்ணீருக்கும் திரும்புகிற தண்ணீருக்கும் இருபது டிகிரிக்குப் பக்கமாக வித்தியாசம் இருக்கலாம். அறுபதைத் தாண்டினால் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பம்ப் புதுசு, வால்வெல்லாம் திறந்தபடி. அப்படியென்றால் எங்கோ அடைப்பு. எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் குளியல் வெந்நீருக்கான பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (மெல்லிய தகடுகள் வழியாகச் சூட்டை மட்டும் மாற்றும் பெட்டி) வழியாகப் போய், அதற்குப் பிறகுதான் வீட்டுக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ் காயிலுக்கு வரும். புண்ணியவான், முன்பு வீட்டில் இருந்தவர் தண்ணீர் பிளேட்டுக்குள் போகாமல் சுற்றிப் போக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருந்தார். திறந்தேன். கொஞ்ச நேரத்தில் ரிட்டர்ன் குழாய் 150-ஐத் தாண்டியது, காற்றுத் துவாரத்தில் அனல் வந்தது. அடைப்பு பிளேட்டில்தான். என் மனைவி மாடியிலிருந்து கத்தியதைக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

தாருக்கும் இதிலேயே விடை இருந்தது. வீடு சூட்டை வாங்கிக்கொள்ளாததால் பாய்லர் தண்ணீர் சீக்கிரமே 180-ஐத் தொட்டு அடுப்புக்குக் காற்று விடும் டேம்பர் மூடிக்கொள்கிறது. காற்றில்லாமல் விறகு மணிக்கணக்கில் புகைந்து புழுங்குகிறது. அந்தப் புகைதான் சுவரில் தாராகப் படிகிறது. நல்ல விறகிலும் இது நடக்கும். தாரைக் கண்டதும் விறகைத் திட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

பிளேட்டை இரண்டு பக்கமும் வால்வு மூடித் தனியாக்கி, எதிர்த்திசையில் தோட்டத்து ஹோஸால் அடித்தேன். மை கரைத்த மாதிரிக் கறுப்பாகக் கொட்டியது. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும் இரும்புச் சேறு. காந்தம் காட்டினால் மயிர்போல் சிலிர்த்து நிற்கிறது. பிறகு வாளி, சின்ன பம்ப், வெள்ளை வினிகர் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றவிட்டு அலசினேன். பிளேட்டுக்கு முன்னால் குப்பையை வடிகட்ட இருந்த ஒய்-ஸ்ட்ரெய்னரின் வலை பிய்ந்து போயிருந்தது, அதையும் மாற்றியாயிற்று. ஹார்டுவேர் கடையில் மியூரியாட்டிக் ஆசிட் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம், பிளேட்டையே தின்றுவிடும்.

சேறு எங்கிருந்து வந்தது? இந்த பாய்லர்கள் அழுத்தமில்லாத திறந்த அமைப்பு; உள்ளே காற்றுப் படும். துரு தடுக்கும் மருந்து தண்ணீரில் குறைந்தால் இரும்பு கரைய ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பாய்லர் தொட்டியில் துளை விழுந்தால் வாரண்டி கொடுக்கும் முன் பல கம்பெனிகள் கேட்பதும் அந்தச் சோதனைத் தாள்களைத்தான். தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சீரியல் எண் கேட்டாள் அந்தப் பெண். எண் பொறித்த தகட்டைத் தார் மூடியிருந்ததால் சுரண்டி எடுத்துச் சொன்னேன். முதலில் வாங்கியவர் பெயரில் மட்டும்தான் பதிவு, பழைய சோதனை விவரம்கூடத் தரமுடியாது என்று வைத்துவிட்டாள். பாய்லரோடு வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே வாரண்டியை மாற்றித்தரச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சோதனைத் தாள்கள், குழாய் புதைத்த தடத்தின் படம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கேட்டால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

கதவைத் திறப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் விரலளவு திறந்து, பக்கவாட்டில் நின்று, தேங்கிய புகைக்குக் காற்றுப் பட்டு அடங்கும்வரை காத்திருங்கள். சட்டென்று திறந்தால் நெருப்பு முகத்துக்கு வரும். சாம்பலை மூடியுள்ள இரும்பு டப்பாவில்தான் அள்ள வேண்டும். நாட்கள் கழித்தும் அடியில் கங்கு இருக்கும். 2025 மார்ச் கடைசியில் உறைமழை பெய்து இந்தப் பக்கமெல்லாம் கரன்ட் போய்க் கிடந்ததே, அப்போது எங்களைக் காப்பாற்றியது அந்த பம்ப்புக்கென்று வைத்திருந்த சின்ன ஜெனரேட்டர். கரன்ட் இல்லாவிட்டால் விறகு எவ்வளவு இருந்தாலும் சூடு வீட்டுக்கு வராது.

இப்போது அடுத்த குளிருக்கு விறகுக்குச் சொல்லிவைக்கும் நேரம். விளம்பரத்தில் விறகின் அளவை வெறும் "கார்டு" என்று போட்டிருந்தால், புஷ் கார்டா ஃபேஸ் கார்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். புஷ் கார்டு 128 கன அடி. பதினாறு அங்குலக் கட்டையாக அடுக்கிய ஃபேஸ் கார்டு அதில் மூன்றில் ஒரு பங்குதான். விலை மட்டும் மலிவாகத் தெரியும். லாரியிலிருந்து கொட்டிய குவியலைப் பார்த்துக் காசு கொடுக்காமல், அடுக்கி அளந்த பிறகு கொடுங்கள்.